போலோ பாக்ஸா, ஏ.டி.பி. குழியா: ஒரு பருவ ஆய்வேட்டுக்கு எதை எடுப்பது?

டிசம்பர் பிறந்துவிட்டால் வடசென்னைக் கல்லூரிகளில் முதுநிலை உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்ப மாணவர்கள் ஆய்வேட்டுத் தலைப்புக்காக அலையத் தொடங்குகிறார்கள். இந்த ஆண்டு என் வழிகாட்டுதலுக்கு வந்த மாணவி காசிமேட்டில் இருந்து வருபவர். எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினி, கைபேசியில் இருந்து எடுக்கும் இணையம், வீட்டு வேலை முடிந்தபின் கிடைக்கும் மூன்று மணி நேரம், ஏறத்தாழ நான்கு மாத அவகாசம் ஆகியவையே அவர் கையில் இருப்பவை. ஆய்வுக்கூடத்தில் புரதத்தை உற்பத்தி செய்து தூய்மைப்படுத்தி அளந்து பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. பாஸ்பேட் சேர்த்த பெப்டைடுகளை (சில அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதத் துண்டுகளை) செய்து வாங்கும் செலவு ஒரு மாணவியின் கைக்கு எட்டாது. ஆகவே கணினியிலேயே முடிக்கக்கூடிய வேலை வேண்டும் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. எந்தப் புரதம் என்பதிலும் குழப்பம் இல்லை. செல் பிரிதலை நடத்தும், பிற புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் வகை நொதியான பி.எல்.கே.1ஐப் பற்றி அவர் ஏற்கெனவே ஒரு கருத்தரங்கில் பேசியிருக்கிறார். அந்தப் புரதத்தின் எந்தப் பகுதியை எடுத்து, என்ன கேள்வி கேட்பது என்பதில்தான் மூன்று வழிகள் முன்னே நின்றன. இந்த மூன்றையும் எடைபோட்டுப் பார்த்ததை, இதே இடத்தில் நிற்கும் பிற மாணவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1988இல் கிளாடியோ சங்கெலும் டேவிட் குளோவரும் பழ ஈயில் ஒரு மரபணுத் திரிபைக் கண்டார்கள். அந்த ஈக்களின் செல்கள் பிரியும்போது, குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்க்கோலின் துருவங்கள் ஒழுங்கற்றுப் போயின. அந்த மரபணுவுக்குப் போலோ என்று பெயர் வந்தது. மனிதரில் அதன் உறவினர்கள் ஐந்து பேர்: பி.எல்.கே.1 முதல் பி.எல்.கே.5 வரை. இவர்களில் மூத்தவராகக் கருதத்தக்க பி.எல்.கே.1, 603 அமினோ அமிலங்கள் நீளமுள்ளது. அதன் முன்பாதியில், மனித மரபணுத் தொகுதியில் உள்ள ஐந்நூற்றுச் சொச்சம் கைனேஸ்களுக்கும் பொதுவான கைனேஸ் டொமைன் (டொமைன் என்பது புரதத்தில் தனியாக மடிந்து தனி வேலை செய்யும் பகுதி) இருக்கிறது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யில் இருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின் மேல் ஏற்றும் வேலை அங்கே நடக்கிறது. பின்பாதியில் இருப்பது இந்தக் குடும்பத்துக்கே உரிய போலோ பாக்ஸ் டொமைன். ஒவ்வொரு போலோ பாக்ஸும் ஆறு பீட்டா இழைகளும் ஒரு ஆல்பா சுருளும் கொண்ட மடிப்பு, பி.எல்.கே.1இல் அப்படி இரண்டு சேர்ந்து ஒரே டொமைனாக நிற்கின்றன.

பின்பாதியின் வேலை என்ன என்பது வெகுகாலம் தெளிவாக இல்லை. 1998இல், 414ஆம் இடத்தில் உள்ள டிரிப்டோஃபேனை மட்டும் மாற்றியபோது, நொதியாக வேலை செய்யும் திறன் குறையாமலே, செல்லுக்குள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போலோ போகாமல் நின்றுவிட்டது தெரியவந்தது. 2003இல் எம்.ஐ.டி.யில் மைக்கேல் யாஃபேயின் குழு விடையைக் கண்டது: ஏற்கெனவே பாஸ்பேட் ஏறிய செரினையோ திரியோனினையோ, அதற்கு முன்னால் ஒரு செரின் இருந்தால், போலோ பாக்ஸ் தேடிப் பிடித்துக்கொள்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கிரேன் எந்தப் பெட்டியையும் தூக்கிவிடும். முத்திரை விழுந்த பெட்டி எது என்று பார்த்து, கிரேனை அதன் அருகே கொண்டுபோய் நிறுத்தும் ஆள் வேறு. கைனேஸ் டொமைன் கிரேன். போலோ பாக்ஸ் அந்த ஆள். முத்திரையைப் பெரும்பாலும் சி.டி.கே.1 போன்ற மற்றொரு கைனேஸ் முன்கூட்டியே குத்தி வைத்திருக்கும். முத்திரை கிடைக்காத நேரத்தில் இந்த ஆள் கிரேனின் மேலேயே சாய்ந்துகொண்டு அதை ஓடவிடாமல் வைத்திருப்பான் என்பது உவமைக்குள் அடங்காத ஒரு கூடுதல் செய்தி. போலோ பாக்ஸ், கைனேஸ் டொமைனோடு ஒட்டி அதன் வேகத்தைக் குறைத்து வைக்கிறது.

முதல் வழி, கைனேஸ் டொமைனில் ஏ.டி.பி. வந்து உட்காரும் குழியை எடுத்துக்கொண்டு மருந்து மூலக்கூறுகளை டாக்கிங் செய்வது, அதாவது அவை அங்கே எப்படி, எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது. கணினி வேலையாகப் பார்த்தால் மூன்றிலும் சிக்கல் குறைந்தது இதுதான். குழி ஆழமானது, எல்லைகள் தெளிவானவை, தடுப்பானோடு சேர்த்துப் படிகமாக்கப்பட்ட வடிவங்கள் புரதத் தரவு வங்கியில் இருக்கின்றன. பி.ஐ.2536 என்ற தடுப்பான் உட்கார்ந்திருக்கும் 2ஆர்.கே.யு. என்ற கோப்பை இறக்கி, தடுப்பானை எடுத்துவிட்டு, மீண்டும் டாக்கிங் செய்து, படிகத்தில் இருந்த நிலைக்கும் கணினி சொல்லும் நிலைக்கும் இடையிலான விலகல் இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டால் முறை சரிபார்க்கப்பட்டதாகிவிடும். 133ஆம் இடத்துச் சிஸ்டைனோடு அமையும் ஹைட்ரஜன் பிணைப்புகளைப் படத்தில் காட்டலாம். ஆய்வேடு ஒழுங்காக இருக்கும். வெளித்தேர்வரும் மறுப்புச் சொல்ல மாட்டார்.

ஆனால் அந்த ஆய்வேட்டில் புதிதாகச் சொல்ல என்ன மிஞ்சும் என்று கேட்டால் விடை சங்கடமானது. ஏ.டி.பி. குழி எல்லாக் கைனேஸ்களுக்கும் பொதுவானது என்பதால், ஒன்றை மட்டும் தடுத்து அடுத்ததை விட்டுவிடுவது பெரிய மருந்து நிறுவனங்களுக்கே பெரும்பாடாக இருந்திருக்கிறது. பி.ஐ.2536 பி.எல்.கே.1இன் செயல்பாட்டை 0.83 நானோமோலார் செறிவிலேயே (எண் குறையக் குறைய தடுப்பு வலுவானது) பாதியாகக் குறைக்கிறது என்றால், பி.எல்.கே.2ஐ 3.5 நானோமோலாரிலும் பி.எல்.கே.3ஐ 9 நானோமோலாரிலும் குறைக்கிறது. உறவினர்களை அது பிரித்தறிவதாகச் சொல்ல முடியாது. கைனேஸே அல்லாத பி.ஆர்.டி.4 என்ற புரதத்தின் மேலும் அது ஒட்டுவது 2014இல் தெரியவந்தது. அதன் வழிவந்த வோலசெர்டிப், முதியோருக்கு வரும் கடுமையான மயலாய்டு இரத்தப் புற்றுநோயில் 87 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் 31 விழுக்காட்டினருக்குப் பலன் தந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 13.3 விழுக்காடு. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் சிறப்பு அங்கீகாரமும் கிடைத்தது. ஆயினும் மூன்றாம் கட்டச் சோதனை முதன்மை இலக்கை எட்டவில்லை. இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் அளந்து பார்த்த ஒரு குழியில், தண்டையார்பேட்டையில் ஒரு மடிக்கணினியில் நான்கு மாதம் டாக்கிங் செய்து வரும் எண்ணுக்கு என்ன பொருள் இருக்கும் என்பதை மாணவி தானே கேட்டுக்கொண்டார். பயிற்சி என்ற அளவில் நல்ல வழி. அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இரண்டாவது வழி, போலோ பாக்ஸில் டாக்கிங் செய்வது. அவர் மனம் முதலில் இதன்மேல்தான் இருந்தது. காரணமும் நியாயமானது: ஏ.டி.பி. குழி எல்லாருக்கும் பொது, போலோ பாக்ஸோ இந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரியது. ஆகவே இங்கே அடைக்கும் மூலக்கூறு பிற கைனேஸ்களைத் தொடாது. வீட்டில் இருந்தே ஒரு யோசனையும் கொண்டுவந்திருந்தார். “கருஞ்சீரகத்துல இருக்கிற தைமோகுயினோன் போலோ பாக்ஸைத் தடுக்குதுன்னு படிச்சேன் மேடம். மின்ட் பக்கம் நாட்டு மருந்துக் கடையில கருஞ்சீரகம் வாங்காத வீடே எங்க தெருவில இல்ல. அதுல இருக்கிற மற்ற பொருள்களையும் சேர்த்து டாக்கிங் பண்ணலாமா?” என்று கேட்டார்.

அவர் படித்தது பொய்யல்ல. 2008இல் ஜெர்மனியில் நடந்த ஒரு தேடலில், போலோ பாக்ஸ் பெப்டைடைப் பிடிப்பதைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகளாக இரண்டு வெளிவந்தன: தைமோகுயினோன், அதிலிருந்து உருவாக்கிய பொலாக்சின். முன்னது ஒரு மைக்ரோமோலாரை ஒட்டியும் பின்னது ஐந்து மைக்ரோமோலாரை ஒட்டியும் வேலை செய்தன. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. குயினோன் என்பது வேதியியலில் அடங்காத பிள்ளை. சிஸ்டைன் போன்ற அமிலங்கள் எதிர்ப்பட்டால் அவற்றோடு நிலையாகப் பிணைந்துவிடும் இயல்பு அதற்கு உண்டு. தைமோகுயினோனும் பொலாக்சினும் போலோ பாக்ஸை மட்டும் தேர்ந்து பிடிப்பவை அல்ல, கண்ட புரதங்களோடெல்லாம் வினைபுரிபவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. குழியில் பொருந்தி உட்காருவதை மட்டும் கணக்கிடும் சாதாரண டாக்கிங்குக்கு இந்த வேதிவினை கண்ணுக்கே தெரியாது. கருஞ்சீரகத்தின் மருத்துவப் பயனைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. அது வேறு வழக்கு. டாக்கிங் என்ற கருவி இந்தக் கேள்விக்கு விடை சொல்லாது என்பதே என் வாதம்.

கருஞ்சீரகத்தை ஒதுக்கிவிட்டு வேறு தாவரப் பொருள்களை எடுத்தாலும் தொல்லை தீராது. போலோ பாக்ஸின் பிடிமான இடம் இரண்டு பாக்ஸ்களும் சந்திக்கும் விளிம்பில் ஓடும் ஆழமில்லாத பள்ளம். அங்கே வந்து சேரும் பாஸ்பேட்டை 538ஆம் இடத்து ஹிஸ்டிடினும் 540ஆம் இடத்து லைசினும் இடுக்கிபோலக் கவ்விக்கொள்கின்றன. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளும் அந்தப் பிடியில் பங்கேற்கின்றன. அதாவது இங்கே பிணைப்பின் உயிர்நாடி மின்னேற்றம். மாணவர்கள் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் மென்பொருளின் மதிப்பெண் முறையில் மின்னேற்ற ஈர்ப்புக்கு என்று தனி உறுப்பே கிடையாது. நீர் மூலக்கூறுகளையோ நாம் கோப்பைத் தயாரிக்கும்போதே வழக்கமாக நீக்கிவிடுகிறோம். எதனால் ஒட்டுகிறதோ அதை இரண்டு முறை கழித்துவிட்டு, எவ்வளவு ஒட்டுகிறது என்று கேட்பதாக முடிகிறது. போதாக்குறைக்கு, பள்ளத்தின் பக்கத்தில் டைரோசின்கள் சூழ்ந்த, எண்ணெய்த்தன்மை கொண்ட ஒரு துணைக்குழி உண்டு. அது சில படிக வடிவங்களில் மூடியும் சிலவற்றில் திறந்தும் இருக்கிறது. புரதத்தை அசையாத கல்லாக வைத்து டாக்கிங் செய்தால், எந்தக் கோப்பை எடுத்தோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும்.

இன்னொன்றும் உண்டு, இதை ஆண்டுதோறும் பார்த்துச் சலித்திருக்கிறேன். வினாவின் மதிப்பெண் மூலக்கூறு பெரிதாக ஆக ஏறிக்கொண்டே போகும் போக்குடையது. எந்தச் செடியின் பொருள்களை வரிசைப்படுத்தினாலும், எந்தப் புரதமானாலும், ரூட்டின் போன்ற சர்க்கரை ஒட்டிய பெரிய ஃபிளாவனாய்டு (ஒரு வகைத் தாவரப் பொருள்) ஒன்று முதலிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீரிழிவு, டெங்கு, புற்றுநோய் என்று தலைப்பு எதுவாக இருந்தாலும் முடிவு அத்தியாயம் ஒன்றே. போலோ பாக்ஸை நன்றாகப் பிடிப்பவை என்று ஐயமின்றி நிறுவப்பட்டவை பாஸ்பேட் தாங்கிய சிறு பெப்டைடுகள். ஐந்தே அமிலங்கள் கொண்ட ஒன்றும் அவற்றில் உண்டு. ஆனால் அந்த ஐந்து அமிலங்களுக்குள்ளேயே சுழலக்கூடிய பிணைப்புகள் பதினைந்துக்கு மேல் இருப்பதால், அதைச் சரியான நிலையில் மீண்டும் டாக்கிங் செய்து காட்டுவதே கடினம். முறையைச் சரிபார்க்கவே முடியாத இடத்தில் புதிய மூலக்கூறைக் கண்டதாக எழுதுவதற்கு நான் கையெழுத்திட விரும்பவில்லை.

மூன்றாவது வழியில் மருந்துத் தேடலே இல்லை. போலோ பாக்ஸ் என்ற டொமைன் உயிரினங்களுக்கிடையிலும் ஐந்து உறவினர்களுக்கிடையிலும் எந்த அளவு மாறாமல் காக்கப்பட்டிருக்கிறது, அதில் மடிப்பு எவ்வளவு, வேலை செய்யும் அமிலங்கள் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. கேட்கும்போது சப்பென்று இருக்கும். மாணவியின் முகத்திலும் அது தெரிந்தது. டாக்கிங் படம் இல்லாத ஆய்வேட்டை யார் மதிப்பார்கள் என்ற கவலை அவருக்கு. ஆனால் இந்தக் கேள்விக்குக் கையில் இருக்கும் கருவிகளே உண்மையான விடை தரும் என்பது பெரிய வேறுபாடு. புரதங்களின் அமினோ அமில வரிசைகள் யூனிப்ராட் என்ற தரவுத்தளத்தில் இலவசம். வரிசைகளை அடுக்கிப் பார்க்கும் கிளஸ்டல் ஒமேகா, ஜால்வியூ, வடிவங்களைக் காட்டும் கைமேராஎக்ஸ் ஆகிய மென்பொருள்களுக்கும் காசு இல்லை. வடிவம் தெரியாத உறவினர்களுக்கு 2021இல் பொதுவில் வந்த, கணினி கணித்த ஆல்ஃபாஃபோல்டு மாதிரிகள் இருக்கின்றன. ஒரு அலைன்மென்ட் (ஒத்த இடங்கள் நேராக வரும்படி வரிசைகளை அடுக்குவது) சில நொடிகளில் முடியும். கோடை மின்வெட்டில் பாதியில் நின்றுபோகும் இரவு நேர ஓட்டங்கள் எதுவும் இதில் இல்லை.

இந்தக் கதையில் சுவை கூட்டுபவர் பி.எல்.கே.4. நீளம் 970 அமிலங்கள். கதிர்க்கோலின் துருவங்களில் நிற்கும் சென்ட்ரியோல்கள் இரட்டிப்பதை நடத்துவது அதன் வேலை. அதிலும் போலோ பாக்ஸ் உண்டு, ஆனால் இரண்டல்ல, மூன்று என்று 2012இல் வெளியான வடிவ ஆய்வு காட்டியது. முதல் இரண்டும் சேர்ந்து செப்192, செப்152 என்ற சென்ட்ரோசோம் புரதங்களின் எதிர்மின்னேற்றம் மிக்க பகுதிகளைப் பிடிக்கின்றன, பி.எல்.கே.1போல, முன்பே முத்திரை விழுந்த பாஸ்பேட்டைத் தேடும் இடுக்கி அங்கே இல்லை. அதே மடிப்பு, வேறு பிடி. எழுத்துகளை மட்டும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் பி.எல்.கே.1இன் பாக்ஸும் பி.எல்.கே.4இன் பாக்ஸும் உறவினர்கள் என்றே சொல்லத் தோன்றாது. வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால்தான் உறவு தெரியும். பேக்கரி ஈஸ்ட்டில் உள்ள சி.டி.சி.5 இதற்கு நேர் எதிர்: மனிதனுக்கும் ஈஸ்ட்டுக்கும் இடையே எவ்வளவோ காலம் கடந்திருந்தும், இடுக்கியின் இரண்டு விரல்களும் 641இல் ஹிஸ்டிடினாகவும் 643இல் லைசினாகவும் அப்படியே இருக்கின்றன. ஒரே உடலுக்குள் இருக்கும் உறவினர் கைவிட்டதை, ரொட்டி மாவில் இருக்கும் உறவினர் காத்துவைத்திருக்கிறார். காக்கப்பட்ட டொமைன் என்ற சொல்லைப் பாடநூலில் படித்து மனப்பாடம் செய்வதற்கும், இந்த இரண்டு வரிகளையும் திரையில் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் ஒரு மாணவிக்குச் சிறியதல்ல.

இந்த வழியிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. தேடல் பொறி முதலில் கொட்டும் ஐம்பது வரிசைகளை அப்படியே எடுத்தால் அவற்றில் பெரும்பாலானவை குரங்குகளும் வீட்டு விலங்குகளுமாகவே இருக்கும். எல்லா இடமும் காக்கப்பட்டதாகத் தெரியும், அதில் செய்தி எதுவும் இராது. மனிதன், கோழி, தவளை, வரிக்குதிரை மீன், பழ ஈ, உருண்டைப்புழு, இருவகை ஈஸ்ட், டிரிப்பனோசோம் என்று தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். பூக்கும் தாவரங்களில் போலோ குடும்பமே இல்லை என்பதால், அங்கே தேடிக் கிடைக்கும் கைனேஸ்களை உறவினர் என்று சேர்த்துவிடாமல் இருக்கவும் கவனம் வேண்டும். கணினி ஊகித்து வைத்த அரைகுறை வரிசைகளை நீக்க வேண்டும். கைனேஸ் டொமைனையும் சேர்த்து முழுநீளத்தை அலைன்மென்ட் செய்தால், முன்பாதியின் வலுவான ஒப்புமை பின்பாதியின் பிழைகளை மறைத்துவிடும், எனவே பி.எல்.கே.1இல் 367ஐ ஒட்டித் தொடங்கி இறுதிவரை உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது நல்லது. இவை எல்லாம் பொறுமையால் தீரும் சிக்கல்கள். இரண்டாவது வழியின் சிக்கல்கள் அப்படிப்பட்டவை அல்ல.

என் பரிந்துரை மூன்றாவது வழிதான், ஒரு சிறு சேர்க்கையோடு. டாக்கிங்கின் மேல் உள்ள ஆசையை முற்றிலும் மறுக்காமல், கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொள்ளலாம். பெப்டைடோடு படிகமாக்கப்பட்ட 1யு.எம்.டபிள்யு. என்ற போலோ பாக்ஸ் வடிவத்தை எடுத்து, அந்தப் பெப்டைடைப் பாஸ்பேட்டோடு ஒருமுறையும் பாஸ்பேட்டை நீக்கி ஒருமுறையும் வினாவில் டாக்கிங் செய்வது. சோதனைக் குழாயில் பாஸ்பேட் இல்லாத பெப்டைடைப் போலோ பாக்ஸ் பொருட்படுத்துவதே இல்லை. அந்த வேறுபாட்டை மென்பொருளின் மதிப்பெண் காட்டுகிறதா, காட்டாமல் விடுகிறதா என்பதை அட்டவணையாகப் போட்டால், எந்த விடை வந்தாலும் அது எழுதத்தக்க விடை. ரூட்டின் முதலிடம் பிடித்தது என்று எழுதுவதைக் காட்டிலும், இந்த இடத்தில் இந்தக் கருவியை எவ்வளவு நம்பலாம் என்று அளந்து எழுதுவது வாய்மொழித் தேர்விலும் தாங்கி நிற்கும். முதல் வழியை எடுக்க விரும்புபவர், மருந்து நிறுவன வேலைக்கு டாக்கிங் பழக்கம் வேண்டும் என்ற தெளிவோடு எடுத்தால் அதையும் குறை சொல்ல மாட்டேன்; பி.எல்.கே.1, 2, 3 மூன்றின் குழிகளையும் ஒப்பிடும் கேள்வியாக அதை மாற்றிக்கொண்டால் போதும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மாணவி மூன்றாவதற்கு ஒப்புக்கொண்டார். முதல் வாரத்துக்குக் கொடுத்த வேலை இது: ஐந்து மனித வரிசைகளையும் இறக்கி, போலோ பாக்ஸ் பகுதியை வெட்டி அடுக்கி, 414, 538, 540 ஆகிய மூன்று இடங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டு வருவது. கடைசித் தம்பியான பி.எல்.கே.5 மனிதரில் 336 அமிலங்களாகச் சுருங்கி, கைனேஸ் டொமைனின் பெரும்பகுதியை இழந்து, கிரேனே இல்லாத துறைமுகத்தில் முத்திரை பார்க்கும் ஆளாக நிற்கிறது. அதனிடம் அந்த இடுக்கி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். திங்கட்கிழமை வரும்போது நீங்களே சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.